இடுப்பில் முள் இல்லாதது

பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்கள். காலையிலிருந்து வீடு அதிர்கிறது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன, தரையில் வைத்த கால் வழியாக அதிர்வு பல் வரைக்கும் ஏறுகிறது. முதலில் செம்மண் தூசி பறந்தது. பிறகு சாம்பல் நிறச் சேறு சாலையில் வழிந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது வாசனை மாறியது. கந்தகமும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனேன். குழாயிலிருந்து கறுப்புக் களிமண் பீறிட்டுக்கொண்டிருந்தது.

“யக்கா, கிட்ட வராத! கல்லு தெறிக்கும்!” என்று போர் வண்டிக்காரர் கத்தினார்.

நான் குடியிருக்கும் வேப்பம்பட்டுக்கு அடியில், அத்தனை ஆழத்தில், இந்தக் கறுப்பு மண் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் கிட்டே போனேன். ஒரு பிடி அள்ளினேன். இரும்பு உரசிய சூடு இன்னும் அதில் இருந்தது. நீயாக இருந்தால் அந்த ஆளைத் தள்ளிவிட்டுக் குழாய் வாய்க்கே கையைக் கொடுத்திருப்பாய்.

நீ போன பிறகு உன்னோடு நான் பேசியதில்லை. கனவிலும் நீ வரவில்லை. இன்று இந்தக் களிமண் காய்வதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உன்னை முதன்முதலில் பார்த்தது அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து எஸ்டேட்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில். கரூரிலிருந்து வந்து எனக்கு வேலையில் முதல் நாள். எனக்கு எதிரே நீ. உன் பக்கத்தில் டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நடுத்தர வயது ஆள். பைக்கு அடியில் அவன் கை உன் தொடைக்கு நகர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டேன். நீ அவன் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடித்தாய். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்தான் முதலில் கேட்டது, அவன் அலறல் அதற்குப் பிறகு. மறு கையால் அவன் உன் வாயில் குத்தினான். ஆட்டோ நிற்பதற்குள் குதித்து ஓடினான். நீ உதட்டு ரத்தத்தைப் புறங்கையில் துடைத்துக்கொண்டு டிரைவரிடம், “இன்னா நைனா, எடு வண்டிய. டைம் ஆவுது” என்றாய்.

லேபில் மேனேஜர் என்னை ஒரு மேஜைக்கு அழைத்துப் போய், “இவங்களோடதான் நீங்க உட்காரணும்” என்றார். வீங்கிய உதட்டோடு நீ நிமிர்ந்தாய்.

“இன்னா அப்டிப் பாக்குற? ஆட்டோல எங்கயோ பாத்துகினு வந்த. இங்கயாவது லென்ஸ ஒயுங்கா பாரு.”

ஊர் கரூர் என்று சொன்னதும் என் பெயர் எனக்கு இல்லாமல் போனது. கடைசி வரை உனக்கு நான் கரூருதான்.

எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனிகள் ஆழத்திலிருந்து வரும் பாறைத்தூளைப் பைகளில் கட்டி நமக்கு அனுப்பும். அது எந்தக் காலத்துப் பாறை என்று நாம் சொல்ல வேண்டும். அதற்குப் பாறையையே கொல்ல வேண்டும் என்பாய் நீ. ஆசிட் அறை உன் ராஜ்ஜியம். முதல் ஆசிட் சுண்ணாம்பைத் தின்னும். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும். இரண்டாவது மணலையே தின்னும், கண்ணாடியைத் தின்னும். தோலில் ஒரு சொட்டு பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே எலும்பைத் தேடிப் போன பிறகுதான் வலிக்கும். கழுத்து முதல் கால் வரை ரப்பரில் மூடிக்கொண்டு அதற்குள் நீ பாட்டுப் பாடிக்கொண்டிருப்பாய். வெளியே யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவாய். “ஆசிட் ரூம்ல மட்டும் கோவம் கூடாது. அது நம்மளவிட பெரிய ரவுடி” என்பாய்.

அத்தனையையும் தாண்டிக் கடைசியில் குழாயின் அடியில் ஒரு சிட்டிகைப் பழுப்பு வண்டல் நிற்கும். கல் கரைந்த பிறகும் கரையாத கூடுகள். டைனோஃப்ளாஜெல்லேட் என்று சொன்னால் எல்லோரும் டைனோசர் என்று நினைத்துக்கொள்வார்கள். இது கடலில் மிதக்கும் ஒருசெல் உயிர். இரண்டு சாட்டைகள் அதற்கு. ஒன்று இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளத்தில் ஓடும், இன்னொன்று கீழே தொங்கும். சுழன்று சுழன்று நீந்தும். உடம்பெல்லாம் தகடு தகடாகக் கவசம். காலம் கெட்டால் அது கவசத்துக்குள்ளேயே இன்னொரு கூட்டைக் கட்டிக்கொண்டு கடலடியில் போய்க் கிடக்கும். உள்கூட்டிலிருந்து முட்கள் நீண்டு மேல்கவசத்தைத் தாங்கி நிற்கும். காலம் நன்றாகும்போது ஓரிடத்தில் ஓட்டை போட்டு உயிர் வெளியே போய்விடும். கவசம் அழுகிப்போகும். முள்கூடு மட்டும் மிஞ்சி, கல்லாகும் சேற்றுக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அந்தக் கூட்டில், ஓட்டை எங்கே இருக்கிறது, முள் எங்கெங்கே இருக்கிறது, எங்கே இல்லை, முள் நுனி எப்படி முடிகிறது என்று பார்த்துத்தான் பேரினம், சிற்றினம் எல்லாம். காலத்தையும் அதை வைத்தே சொல்லிவிடலாம்.

உன் ஊர் வெள்ளானூர். உன் வீட்டுக்குப் பின்னால் புதிதாக வந்த மனையில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டினார்கள். அடியில் வெளுத்த சாம்பல் களிமண் வந்தது. நீ அதில் ஒரு கட்டியை டிபன் பாக்ஸில் போட்டு லேபுக்கு எடுத்து வந்தாய். மேனேஜர் மதியம் வெளியே போன நேரமாகப் பார்த்து ஆசிட்டில் போட்டாய். மறுநாள் ஸ்லைடைப் பார்த்துவிட்டு நீ கத்திய கத்தலில் பக்கத்து ஷெட்டில் லேத் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள்.

வெள்ளானூருக்கு அடியில் கடல் இருந்தது. டைனோசர்கள் நடந்த காலத்துக் கடல்.

நிறையக் கிடைத்தன. உருண்டையான உடல், தேன் நிறம். தலைப்பக்கம் மூடி கழன்ற ஓட்டை. குழாய் மாதிரி உள்ளே வெற்றிடமான முட்கள், தகட்டுக்கு ஒன்றாக. இடுப்பில் மட்டும் முள் இல்லை. சாட்டை சுற்றி ஓடிய இடம் வழித்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. ஒலிகோஸ்பெரிடியம் என்ற பேரினம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. இடுப்பில் முள் இருந்தால் அது வேறு பேரினம். சண்டை நுனியில்தான். அந்தப் பேரினத்தில் எல்லோருக்கும் தெரிந்த சிற்றினத்துக்கு முள் நுனி ஊமத்தம்பூ மாதிரி விரிந்து, ஓரம் பல்பல்லாக இருக்கும். நம்முடையதில் நுனி நாணலை வெட்டியது போல மொட்டையாக முடிந்தது.

“இது புச்சு. யாரும் பாக்காதது. வெள்ளானூரென்சிஸ்னு பேர் வெக்கப்போறேன்” என்றாய். “ஊர்ல கீற ஒவ்வொரு வயலும் இப்ப ஏதோ ஒரு நகரு, ஏதோ ஒரு கார்டன். இன்னும் கொஞ்ச நாள்ல எங்க ஊரு பேரே இருக்காது. லத்தீன்ல வெச்சிட்டா ஒருத்தனும் மாத்த முடியாது பாரு.”

“நுனி உடைஞ்சு போயிருக்குடி” என்றேன் நான். “மேல் மண்ணு. காத்தும் தண்ணியும் பட்டு அரிச்ச களிமண்ணு. நுனிதான் ரொம்ப மெல்லிசு, அதுதான் முதல்ல போகும். இது பழைய சிற்றினம்தான்.”

வாரக்கணக்கில் இதுதான் பேச்சு. ரயிலில், கேண்டீனில், ஆவடி மார்க்கெட்டில் கீரை வாங்கும்போதும். ஒருநாள் நான் ரிப்போர்ட்டில் உன்னைக் கேட்காமல் பழைய பெயரை எழுதி வைத்தேன். நீ படித்தாய். தாளைக் கசக்கி என் முகத்தில் எறிந்தாய். நான் அதைப் பொறுமையாகப் பிரித்து மேஜையில் நீவிவிட்டேன். அந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் உனக்குப் பற்றிக்கொண்டது. என் பின்தலையைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினாய். முன்பல் பாதி உடைந்து நாக்கில் விழுந்தது.

அதற்கு முன் நான் யாரையும் அடித்ததில்லை. எங்கள் வீட்டில் பூனையைக்கூட “போ சாமி” என்றுதான் விரட்டுவோம். அன்று உன் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளி, கைக்குக் கிடைத்த தடித்த படத்தொகுப்புப் புத்தகத்தால் உன் காதில் அடித்தேன். திரும்பவும் அடித்தேன். நீ என் முழங்கையைக் கடித்தாய். மேனேஜர் வந்து, “லேடீஸ்! லேடீஸ்!” என்று கத்திக்கொண்டே கிட்டே வரப் பயந்து நின்றார்.

வேலை நேரம் முடிந்து ஒரே ரயிலில்தான் போனோம். நீ உன் ஸ்டேஷனில் இறங்காமல் என்னோடு பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்தாய். ஆளுக்கு ஒரு ரோஸ்மில்க். குளிர்ந்த பாட்டிலை நான் வாயில் வைத்தேன், நீ காதில் வைத்தாய்.

“கையி நல்லா வருது கரூரு உனக்கு. இத்தினி நாளா எங்க வெச்சிருந்த?” என்றாய். சிரித்தால் வலித்தது. சிரித்தோம். பிறகு நீ சொன்னாய்: “காத்து படாத மண்ணுதான வோணும் உனக்கு? எங்க ஊர தாண்டி குழி வெட்டிகினு கீறானுங்க. நல்லா ஆயமா. வா, எடுத்துக் காட்றேன்.”

இங்கே போர் வண்டி ஒரு நிமிடம் நின்றது. குழாய் மாற்றுகிறார்கள் போல. அந்த அமைதிதான் எனக்குத் தாங்கவில்லை. இதோ, மறுபடி தொடங்கிவிட்டார்கள்.

குழிக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மண் லாரிகள் இறங்கும் சரிவில் நாமும் இறங்கினோம். பொக்லைன் ஓரமாக நின்றிருந்தது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அனுமதி வாங்கி வெட்டிய குழி இல்லை அது என்று நமக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தது அடியில் ஈரமாக மின்னிக்கொண்டிருந்த கறுப்பு மண் மட்டும். நீ சுத்தியலால் அதைப் பெயர்த்து முகர்ந்து பார்த்தாய். “கடலு நாறுது” என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. பைகளில் கட்டினோம். நான் போனில் படம் எடுத்தேன்.

படம் எடுத்ததைத்தான் மேலே இருந்து பார்த்திருக்கிறார்கள். லாரிகளை அனுப்பும் மேஸ்திரியும், ஒரு லாரி டிரைவரும் இறங்கி வந்தார்கள். டிரைவர் கையில் ஜாக்கி ராடு.

“யாரு நீங்க? இன்னாத்துக்குப் போட்டோ?” என்றான் மேஸ்திரி.

“மண்ணு எடுக்க வந்தோம்ணா. ஆராய்ச்சிக்கு” என்றேன்.

“எவன் அனுப்ச்சான்? தாலுக்கா ஆபீசா, டிவியா?”

நீ அவனுக்கு விளக்க ஆரம்பித்தாய். நீ பொறுமையாகப் பேசி நான் கேட்டது அன்றுதான். “யாரும் அனுப்பலண்ணாத்தே. நான் இந்த ஊருதான். இங்க அந்தக் காலத்துல கடலு. அதுல இருந்த பூச்சியோட ஓடு இந்த மண்ணுல கீது. கண்ணுக்குத் தெரியாது. அதத்தான் தேடிகினு கீறோம்.”

அவன் டிரைவரைப் பார்த்துச் சிரித்தான். “கண்ணுக்குத் தெரியாத பூச்சியாம். நம்மளப் பாத்தா கேனயன் மாதிரி கீதா?” சிரித்துக்கொண்டே என் போனைப் பிடுங்கிக் கல்லில் அடித்தான். பைகளை மிதித்தான். ஒரு பையை எடுக்கக் குனிந்தேன். அவன் என் கையை மிதித்து, மிதித்தபடியே அடிவயிற்றில் மறு காலால் உதைத்தான். எனக்கு மூச்சு போய்விட்டது. மூச்சில்லாமல் கிடந்தபோது உன் சுத்தியல் அவன் முழங்காலில் இறங்கியதைப் பார்த்தேன். பாறையில் அடிப்பது போலத்தான் அடித்தாய், தோளிலிருந்து. அவன் மடிந்து விழுந்து, “அடிடா அவள! அடிடா!” என்று ஊளையிட்டான்.

டிரைவர் அடித்தான். முதல் அடி உன் தலையின் இடது பக்கம். நீ விழவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்தாய், ஏதோ கேட்கப்போவது போல. இரண்டாவது அடி முகத்தில். அப்போதுதான் விழுந்தாய், களிமண்ணில் முகம் புதைய. கறுப்புக் களியில் ரத்தம் சிவப்பாகத் தெரிவதில்லை. ஈரமாக மட்டும்தான் தெரிகிறது. நான் தவழ்ந்து வந்து உன் மேல் படுத்தேன். அடுத்த அடி என் தோளில் விழுந்தது. அதற்குப் பிறகும் அடித்தான்.

பொக்லைன் ஓட்டுபவர் சோற்றுக் கையோடு சரிவில் ஓடி வந்தார். “டேய்! பொம்பளடா! செத்துட்டா டா! உடுங்கடா!” என்று அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் ராடைப் போட்டுவிட்டு மேஸ்திரியை இழுத்துக்கொண்டு போனான். முந்தின இரவு பெய்த மழையில் சரிவு வழுக்கியது. உன்னைத் தூக்கிக்கொண்டு ஏற முடியவில்லை. அந்த மனிதர் பொக்லைனின் வாளியைத் தரையில் இறக்கினார். உன்னை அதில் போட்டு, நான் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்படியே நம்மைத் தூக்கி மேலே வைத்தார். வாளியின் பற்களுக்கு நடுவே குழி சிறிதாகிக்கொண்டே போனது. உன் இடது கண் இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் அம்மா வந்ததும் வராததுமாக என்னை அறைந்தார். “எம் பொண்ண எங்கடி இட்டுகினு போன?” அவர் கை ஓயும் வரை நின்றேன். பிறகு அவரே என் தோள் கட்டைப் பார்த்து, என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டு அழுதார்.

ஒரு கண் போயிற்று. மண்டை எலும்பைத் திறந்து மூடினார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் இருந்துவிட்டு, மொட்டைத் தலையில் அரை விரல் முடியோடு லேபுக்குத் திரும்பி வந்தாய். மேனேஜர் கண் கலங்கினார். “இன்னா சார் நீ, மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு கண்ணு போதாதா? அந்த இன்னொண்ணு சொம்மாதான் மூடிகினு கெடந்துச்சு” என்றாய். அன்று மாலையே உனக்கு முதல் வலிப்பு வந்தது. நாற்காலியோடு சாய்ந்தாய். நான் உன்னை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். உதறிய உன் கை என் முகத்தில் பட்டது. உன் அடியிலேயே பலமில்லாத அடி அதுதான்.

மாத்திரையில் வலிப்பு கொஞ்சம் அடங்கியது. நீ அடங்கவில்லை. ஒருநாள் திடீரென்று கேட்டாய்:

“அன்னிக்கு நீ போட்ருந்த ஷூ எங்க?”

“பரண்ல கிடக்குது. தொடவே இல்ல.”

“கழுவலல்ல?”

“இல்ல.”

“எட்னு வா.”

உன் உடைகளைப் போலீஸ் எடுத்துக்கொண்டது, சுத்தியலையும் ராடையும். பைகள் அங்கேயே நசுங்கிப் போயின. என் ஷூவை யாரும் கேட்கவில்லை. அடிப்பாகத்தின் பள்ளங்களில் அந்தக் கறுப்புக் களிமண் காய்ந்து இறுகிக் கிடந்தது. நீ ஊசியால் ஒவ்வொரு பள்ளமாகச் சுரண்டினாய். “ஷூவுல ஒட்டுன மண்ணுடி. கட்டுரைக்கு ஆகாது, எவனும் ஒத்துக்க மாட்டான்” என்றேன். “கட்டுரைக்கு ஆவாது. நமக்கு ஆவும்” என்றாய். அதில் உன் ரத்தமும் இருந்திருக்கும். ஆசிட் அதையும் தின்றது.

ஸ்லைடு தயாரான அன்று நான் கேண்டீனில் இருந்தேன். நீ வந்து என் முன்னால் நின்றாய். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக்ரோஸ்கோப்பின் முன் உட்கார வைத்தாய்.

தேன் நிற உருண்டை. தலையில் ஓட்டை. இடுப்பு வெறுமை. முட்களின் நுனி ஒவ்வொன்றும் ஊமத்தம்பூவாக விரிந்து, ஓரத்தில் பல்பல்லாக நின்றது. ஒன்றுகூட உடையவில்லை. நூல்களில் இருக்கும் படத்தைவிட அழகாக இருந்தது. பழைய சிற்றினம். எல்லோருக்கும் தெரிந்தது. உலகத்தில் பாதி நாடுகளில் கிடைப்பது.

அந்த ஸ்லைடில் முழுசாக இருந்தது அது ஒன்றுதான். ஸ்லைடை மூடிய மெல்லிய கண்ணாடியை நீ விரலால் அழுத்தியிருந்தால் அது நொறுங்கிப் போயிருக்கும். அறையில் நீ மட்டும்தான் இருந்தாய். நான் வந்து கேட்டிருந்தால், “ஒண்ணும் கெடைக்கல” என்று சொல்லியிருக்கலாம்; நானும் நம்பியிருப்பேன். உன் ஊர்ப்பெயர் லத்தீனில் ஏறியிருக்கும். போன கண்ணுக்கு ஏதோ ஒன்றாவது கிடைத்திருக்கும்.

“நீ சொன்னதுதான் கரெக்ட்டு கரூரு” என்றாய். “புச்சு இல்ல. பழைய ஆளுதான்.” என்னால் லென்ஸிலிருந்து தலையை எடுக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் உன் குரல் மறுபடி வந்தது: “பல்ல ஒடச்சதுக்கு மட்டும் சாரி கேக்க மாட்டேன். அன்னிக்கு மூஞ்ச அப்டி வெச்சிகினு இருந்த.”

பிறகு சுவரில் குத்தினாய். ஒரே ஒரு குத்து. கை வீங்கிப்போய் இரண்டு நாள் நான்தான் உனக்கு எழுதித் தந்தேன்.

அதற்கடுத்த தை மாதம் உன் சித்தப்பா மகள் கல்யாணத்தில் மேளத்துக்கு நடுவே புகுந்து ஆடினாய். கறுப்புக் கண்ணாடியோடு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு. சில வாரங்கள்தான். ஒரு காலையில் குளிக்கப் போனவள் வெளியே வரவில்லை. உன் அம்மா கதவைத் தட்டியிருக்கிறார். கதவை உடைத்தபோது குழாய் ஓடிக்கொண்டிருந்ததாம். வலிப்பு வந்து விழுந்ததில் வாளி விளிம்பு கழுத்தில் பட்டிருந்தது. நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் கையைத் தொட்டேன். எப்போதும் எதையாவது பிடித்திருக்கும் கை, திறந்து கிடந்தது.

பழைய தலைக்காயத்தால் வந்த வலிப்பு என்று பிரேதப் பரிசோதனை டாக்டர் எழுதினார். அப்படியானால் இது கொலைதானே என்று வக்கீலிடம் கேட்டேன். “அடிச்சது எப்பவோ, இறந்தது எப்பவோ. நடுவுல வேலைக்குப் போயிருக்காங்க, கல்யாணத்துல ஆடியிருக்காங்க. அந்த வீடியோவை எதிர்த்தரப்புல எடுத்து வெச்சிருக்காங்க மேடம்” என்றார். ஜாக்கி ராடு உன்னைக் கொல்ல எடுத்துக்கொண்ட காலம் சட்டத்துக்கு அதிகம். நீ ஆடாமல் இருந்திருந்தால் கணக்கு சரியாக வந்திருக்கும் என்பது போலப் பேசினார். அவர் நல்லவர்தான். இருந்தும் அவர் மேஜையில் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை எடுத்து எங்கே எறியலாம் என்று என் மனம் இடம் தேடியது.

ஸ்லைடை லேபில் பழைய பெயரிலேயே பதிந்து வைத்தேன். இடம் என்ற கட்டத்தில் வெள்ளானூர் என்று எழுதினேன். அந்தச் சிற்றினம் கிடைக்கும் எத்தனையோ ஊர்களில் ஒன்றாக அதுவும் இருக்கட்டும்.

தீர்ப்பு போன மாதம் வந்தது. காயப்படுத்திய குற்றம் மட்டும். சில வருடங்கள் போட்டார்கள். அப்பீலுக்குப் போக அன்றே ஜாமீனும் கிடைத்தது. கோர்ட்டு வராந்தாவில் உன் அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் தலையைக் குனிந்தபடி கடந்து போனான். மேஸ்திரி கைத்தடியோடு பின்னால் வந்தான். கால் இழுத்தது. என்னைப் பார்த்து நின்றான்.

“இன்னாம்மா,” என்றான், “பூச்சி கெடச்சுதா?”

வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். மீசையை ஒதுக்கியிருந்தான். அவன் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

முதல் குத்தில் அவன் மூக்கெலும்பு முறிந்தது என் கைக்குத் தெரிந்தது. முழங்கால் தாங்காமல் சுவரோடு சரிந்தான். நான் விடவில்லை. மேலே விழுந்து குத்தினேன். வாயிலிருந்து என்னென்னவோ வந்தது. எல்லாம் உன் தமிழ், கரூர்த் தமிழில் அப்படிப்பட்ட வார்த்தைகளே எனக்குத் தெரியாது. பெண் போலீஸ் இருவர் சேர்ந்து என்னை இழுத்துப் பிரித்தார்கள். நிமிர்ந்தபோது உன் அம்மா எழுந்து நின்றிருந்தார். என்னைத் தடுக்க வரவில்லை. கீழே விழுந்திருந்த என் துப்பட்டாவை எடுத்து உதறி என் தோளில் போட்டார்.

இப்போது என் மேல் ஒரு வழக்கு. வேலை போகலாம் என்கிறார் மேனேஜர். என் மோதிர விரல் சரியாக மடங்குவதில்லை. ஃபோகஸ் திருகைத் திருப்ப இடது கையைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். என் அம்மா ஊரிலிருந்து போன் செய்து, “உனக்கு என்ன கண்ணு ஆச்சு, நீ இப்படி இல்லியே” என்று அழுகிறாள். இப்படி இல்லைதான். அப்படியே இருந்திருக்கலாமே என்று யோசித்துப் பார்த்தேன். அந்த ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே வந்தவளாக. முடியவில்லை. நீ என்னிடம் விட்டுப்போனது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. அது என் கையில் இருக்கிறது, கையை வெட்டிப் போட முடியாது.

அடுத்த வாரம் விசாரணை. நேற்று வக்கீல் கூப்பிட்டார். “கூட்டத்துல தள்ளுமுள்ளு ஆச்சு, கை தவறிப் பட்டுடுச்சுன்னு சொல்லிடுங்க மேடம். சுலபமா முடிச்சிடலாம்” என்றார்.

கை தவறவில்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்கு தொடங்கும் இடத்தைப் பார்த்துத்தான் வைத்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.